செவ்வாய் மண்ணில் ஒரு தக்காளி

"குழந்தை வாயில அந்தப் பழத்தை வைக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கணவன் கண்ணாடி முன் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்த ஆய்வுக்கூடத்துக்கு அவன் இயக்குநர். அவள் அங்கே மண் ஆராய்ச்சியாளர். சுவருக்கு அந்தப் பக்கம், அரங்கத்தில், பத்திரிகைக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் வாழ முடியுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வுக்கூடம் கையில் வைத்திருந்த ஒரே பதில், ஒரு தொட்டித் தக்காளிச் செடிகள். காற்றுக்கும் தண்ணீருக்கும் குளிருக்கும் வேறு ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மண் அவள் பொறுப்பு. செவ்வாய் மண்ணில் ஒரு நச்சு உப்பு உண்டு. உடம்பில் சேர்ந்தால் தொண்டையில் இருக்கும் சுரப்பியைக் கெடுத்துவிடும்; வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். அதே உப்பைச் சேர்த்து, அதேபோன்ற மண்ணைக் கலந்து, உப்பைத் தின்னும் கிருமிகளை அதில் விட்டுப் பார்த்தாள். இரண்டு வருஷம் போட்ட விதையெல்லாம் கருகிப் போயின. மூன்றாம் வருஷம் முளைத்தது. காய்த்தது. இப்போது செக்கச்செவேல் என்று பழுத்துத் தொங்கியது.

"செடி வளர்ந்துட்டா விஷம் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. இன்னைக்குக் காலையிலகூட மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துப் பார்த்தேன். உப்பு அப்படியே இருக்கு. பழத்தைச் சோதனைக்கு அனுப்புங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

பழத்தை வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப அவன் கையெழுத்து வேண்டும். அதைத்தான் அவன் போடாமலே இருந்தான். இன்றைய நிகழ்ச்சி முடியட்டும், அனுப்பலாம் என்றே இப்போதும் சொன்னான்.

அப்படியென்றால் நீங்களே தின்று காட்டுங்கள் என்றாள். தானும் தின்னத்தான் போவதாகச் சொன்னான். ஆனால் வளர்ந்த ஆள் தக்காளி தின்றால் அதை யார் போட்டோ எடுப்பார்கள் என்று கேட்டான். சொந்தக் குழந்தைக்குக் கொடுத்தால்தான் ஜனங்கள் நம்புவார்களாம்.

"அவ உங்க பொண்ணு."

"அதனாலதான் கொடுக்கிறேன். ஊரான் பிள்ளைக்குக் கொடுப்பேனா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கீழே விழுந்த பிஸ்கட்டைக்கூடக் குழந்தை கையிலிருந்து பிடுங்கி எறிகிற மனிதன் இவன். லேசாக உடம்பு சுட்டாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். பேரும் புகழும் ஒரு தகப்பனை இந்த அளவுக்குக் கல்லாக்கிவிடுமா? அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவன் கதவில் இருந்த அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு வெளியே போனான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். மேடை ஓரத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. முண்டியடித்து முன்னே வருவதற்குள், அவன் எல்லோர் கண்ணெதிரே மேடையில் வைத்திருந்த தொட்டியிலிருந்து பழத்தைப் பறித்து, துடைத்து, ஆறு வயது மகள் சிட்டுவிடம் நீட்டிவிட்டான். சிட்டு ஒரு கடி கடித்தாள். சாறு மோவாயில் வழிந்தது. அரங்கம் கைதட்டியது.

அவள் மேடையில் பாய்ந்து ஏறி, பழத்தைத் தட்டிவிட்டு, குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். அதற்குள் சிட்டு விழுங்கிவிட்டிருந்தாள். அவள் கணவன் கையிலிருந்த மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"இதுல விஷம் இருக்கு. யாரும் தொடாதீங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவன் நிதானமாக மைக்கைத் திரும்ப வாங்கி, ஆராய்ச்சியாளராக இருந்தாலும் அம்மா அம்மாதானே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூன்று வருஷ உழைப்பில் அவளுக்கு அந்தச் சிரிப்பைவிடப் பெரிய அவமானம் நேர்ந்ததில்லை. குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு வெளியேறினாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர், உப்பின் பெயரைக் கேட்டதும் யோசிக்கவில்லை. எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று தெரியாதபோது காத்திருக்க முடியாது, வயிற்றைக் கழுவிவிடலாம் என்றார். மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும். நர்ஸ் ஒருத்தி சிட்டுவின் கைகளை அழுத்திப் பிடித்தாள். குழந்தை அம்மா அம்மா என்று அலறியது.

அப்போதுதான் அவன் மூச்சு வாங்க உள்ளே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்களைச் சும்மா விட மாட்டேன். நாளைக்கே அத்தனை பத்திரிகைக்காரங்களையும் கூப்பிட்டு, நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுவேன்."

குழாயின் நுனி மூக்கில் பட்டதும் சிட்டு துள்ளித் திமிறினாள். அவன் பாய்ந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"வேண்டாம் டாக்டர். அவளை விட்டுடுங்க. அந்தப் பழத்துல விஷமே இல்ல."

"இன்னுமா பொய் சொல்றீங்க?" என்று அவள் அவன் சட்டையைப் பற்றினாள். "அந்த மண்ணைக் கலந்தவ நான். எனக்குத் தெரியாதா?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான்:

"தொட்டியில மேல ஒரு விரல் கனத்துக்குத்தான் உன்னோட மண்ணு. கீழ இருக்கிறதெல்லாம் நம்ம வீட்டுத் தோட்டத்து மண்ணு... முதல் விதை முளைக்கிறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்."