லைன் நல்லாத்தான் இருக்குது

மாரண்டஹள்ளி நாற்றுப்பண்ணை அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே கலைமதி கண்ணீரும் கம்பலையுமாக நின்றாள்.

"நான் கட் பண்ணலீங்க. பேசிட்டு இருக்கறப்பவே போன் தானா கட்டாவுதுங்க."

முதலாளி மாதையன், போன் பழுது பார்க்கும் சிலம்பரசனை வரவழைத்தார். அவன் தன் செல்போனிலிருந்து அழைத்துச் சோதித்தான். மாதையன் பத்து நிமிடம் பேசியும் ஒன்றும் ஆகவில்லை. கலைமதி பேசினாள், ஒரே நிமிடத்தில் கட்டானது. அவள் கை எந்தப் பொத்தானிலும் படவில்லை.

சிலம்பரசனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எதிர்ல பேசறவங்க போனை வெச்சா லைன்ல ஒரு சத்தம் வருங்க. அதைக் கேட்டுத்தான் நம்ம ஆபீஸ் இன்டர்காம் மெஷின் லைனைக் கட் பண்ணும். பொண்ணுங்க குரல் கொஞ்சம் உசந்தா, அதையும் அந்தச் சத்தம்னு நெனச்சுக்குதுங்க."

செட்டிங்கை மாற்றினான். அதன்பின் கலைமதி எவ்வளவு பேசியும் கட்டாகவில்லை.

"அப்ப ராதிகா?" என்றார் மாதையன்.

சிலம்பரசன் தலைகுனிந்தான். மூன்று மாதம் முன்பு இதே புகாருக்கு வந்து, தான் மட்டும் பேசிப் பார்த்துவிட்டு, "லைன் நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தப் பொண்ணுதான் வேணும்னே கட் பண்ணுது" என்று சொன்னவன் அவன்தான். கலைமதிக்கு முன் அந்த இடத்தில் இருந்த ராதிகாவுக்கு அன்றைக்கே வேலை போனது.

மாதையன் எண்ணை அழுத்தி ரிசீவரை அவனிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

"ராதிகாங்களா? போன் ரிப்பேர் பாக்குற சிலம்பரசனுங்க. தப்பு எம்மேலதாங்க..."

லைன் கட்டானது.

"மறுபடியுமா?" என்றார் மாதையன்.

"இல்லீங்க," என்றான் சிலம்பரசன். "இந்தத் தடவ அந்தப் பொண்ணேதான் கட் பண்ணிடுச்சுங்க."