முகம் முகமாக நகரும் போன்

நூலகப் படிகளில் பதினொரு பேராசிரியர்கள் வெயிலில் நிற்கிறார்கள். பரீட்சையில் ஆட்சியைப் பற்றிக் கேள்வி கேட்ட வரலாற்று ஆசிரியையை நேற்று வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். "என்ன கேள்வி கேக்கணும்னு மேலிடம் எங்களுக்குச் சொல்லக்கூடாது" என்று அவர்களில் ஒருவர் தாளைப் பார்த்து வாசிக்கிறார். செடிக்குத் தண்ணீர் விடும் தோட்டக்காரரின் கண் ஓர் இளைஞன் மேலேயே இருக்கிறது. கூடி நிற்கும் மாணவர்கள் எல்லார் போனும் வாசிப்பவரைப் பார்க்க, இவன் போன் மட்டும் ஒவ்வொரு முகத்திலும் நின்று நின்று நகர்கிறது. அடுத்து யாருடைய வேலை போகுமோ என்று நினைத்தபடி தோட்டக்காரர் அவன் பக்கம் போகிறார். "தம்பி என்ன படிக்கிற?" "வரலாறுண்ணே." "அப்போ வேலை போனவங்ககிட்டதானே படிச்சே? ஆளு எப்படி?" "சாரைக் கேக்கறீங்களா? தங்கமான மனுசன்." நீக்கப்பட்டது ஒரு பெண் என்பதுகூட இவனுக்குத் தெரியவில்லை. தோட்டக்காரர் சிரித்துவிடுகிறார். போன் மெல்ல அவர் பக்கம் திரும்புகிறது. "உங்க பேரு என்னண்ணே?" "பேரு எதுக்குப்பா? மூஞ்சிதான் மாட்டிக்கிச்சே, அதையே மேலிடத்துல கொண்டுபோய்க் குடு."