கடைசி ரெய்டுக்கு வந்த வெயில்

கோவில்பட்டியில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. இரண்டு அணியும் சமம். உள்ளூர் அணியின் மாரிக்கனி கடைசி ரெய்டுக்குப் புறப்பட்டபோது விளக்குகள் அணைந்தன. ஒரு வாரமாக மேகமூட்டம். வெயிலில் மின்சாரம் சேமிக்கும் ஊர் பேட்டரி தீர்ந்துவிட்டது.

"வெளிச்சம் வராட்டி டாஸ்தான்" என்றார் நடுவர்.

மாரிக்கனி ஓடிப்போய் ஓரத்தில் வைத்திருந்த போனை எடுத்தாள். வெயிலைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்திருந்த கென்ய ஊரில் இன்னும் பொழுது சாயவில்லை. அங்கே மாவு மில் நடத்தும் அச்சியெங் என்ற பெண்ணின் குரல் தமிழாகி வந்தது.

"நாங்களும் ஆட்டத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கோம். மில்லை நிறுத்திட்டேன், அந்தக் கரண்டு உங்களுக்குத்தான். போ தாயி, பாடு!"

மைதானம் பளிச்சென்று விழித்தது. மாரிக்கனி பாய்ந்து ஒருத்தியைத் தொட்டாள். நாலு பேர் காலைக் கட்டிக்கொண்டார்கள். அத்தனை பேரையும் புழுதியில் இழுத்தபடி, கையை எட்டி நடுக்கோட்டைத் தொட்டாள்.

போனில் குலவைச் சத்தம். மாவுக்காகக் காத்து நின்ற கென்யப் பெண்கள்! கோவில்பட்டிக்காரிகள் விடுவார்களா? பதிலுக்குப் போட்டார்கள் குலவை.