குளம் கரை

நான்கு நாள் மழையில் வெளியே விடாமல் அடைத்துவைத்ததற்குப் பேரப்பிள்ளைகள் இருவரும் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கோதண்டம்தான் குளம் கரை ஆடலாம் என்றார். தரைதான் குளம், பாய்தான் கரை. அவர் சொல்கிற பக்கம் குதிக்காதவர் அவுட். பத்து ஆட்டம் ஆடியிருப்பார்கள். சின்னவள் யாழினி ஒரு காலைத் தூக்கிக் காட்டி, "தாத்தா, நெசமாவே ஈரமா இருக்கு" என்றாள். வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தவர் உடனே சாத்திவிட்டார். எதிர்வீட்டுக் கார் முக்கால்வாசி முங்கிக் கிடந்தது. ஓட்டு வீட்டுக்கு மாடியும் கிடையாது.

"இனிமே கட்டில்தான் கரை!" என்று சிரித்துக்கொண்டே கூவினார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. அப்புறம் மேசை கரையானது. அதற்கப்புறம் பரண். பாத்திரங்களைத் தள்ளிவிட்டு ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார். இரண்டு பேருக்குத்தான் அங்கே இடமிருந்தது.

"கரை" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "கரை."

"கரை கரைன்னே சொல்றீங்க. ஒரே ஒரு தடவ கொளம் சொல்லுங்க தாத்தா," என்று பெரியவன் ஆதவன் குதிக்கத் தோதாகக் காலைத் தொங்கப்போட்டான்.

"கால மேல வை. நான் சொல்லாம குதிக்கக் கூடாது."

மேசைமேல் நின்றும் தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டிருந்தது. யாழினி பரணிலிருந்து எட்டிப் பார்த்துக் கைதட்டினாள்.

"ஐய்! தாத்தா இன்னும் கொளத்துலயே நிக்கிறாரு. தாத்தா அவுட்டு!"