புறமுகம்

ஒரு குலுக்கல். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது.

உள்ளே இரண்டு பேர். விற்பனைப் பிரிவின் சரவெடி, கணக்குப் பிரிவின் மௌனம். அலுவலகம் வைத்த பெயர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் சம்பளச் சீட்டோடு சரி.

மேலே கூட்ட அறையில் எல்லோரும் சரவெடிக்காகக் காத்திருந்தார்கள்.

காலையில் ஆளுமைப் பயிற்சி கொடுக்க ஒரு உளவியல்காரர் வந்திருந்தார். அகமுகம், புறமுகம் என்று மனிதர்களைப் பிரித்துச் சொன்னார். முதல் ரகத்துக்குத் தனிமையில் தெம்பு வருமாம், இரண்டாவது ரகத்துக்குக் கூட்டத்தில். பிறகு வரிசையாகக் கேள்விகள். சரவெடி தன் மனசைக் கேட்டுப் பதில் எழுதவில்லை. அலுவலகம் தன்னை எப்படி நினைக்கிறதோ அப்படியே எழுதினான். அவனுக்குத்தான் முதல் மதிப்பெண்.

"புறமுகத்துக்கு இவர்தான் உதாரணம். சாயங்காலம் மேடையேறி எல்லாரையும் கலகலன்னு ஆக்கட்டும்" என்றார் அவர்.

அன்று மதியம் சரவெடி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று, படபடப்பில் அவன் வாயிலிருந்து ஒரு ஜோக் தவறி விழுந்தது. அறையே சிரித்தது. அன்று பிடித்த சனி. அவன் வாயைத் திறக்குமுன்பே சிரிக்கத் தயாராக இருக்கும் முகங்களை எப்படி ஏமாற்றுவது? "ஊரையே சிரிக்க வைக்கிறீங்களாம். எனக்கு மட்டும் ஒரு வார்த்தைக்குப் பஞ்சம்" என்பாள் மனைவி. வீட்டுக்குக் கொண்டுபோக அவனிடம் மிச்சம் இருந்தால்தானே.

லிஃப்டிலும் வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது.

"நமக்குப் புறமுகம்னாங்க. லிஃப்ட் புறமுதுகே காட்டிடுச்சு பாருங்க."

மௌனம் சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை.

"தினமும் காலையில வண்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உக்காந்திருப்பீங்க, பாத்திருக்கேன்" என்றாள் மெதுவாக. "இப்பவும் அப்படியே இருங்க. எனக்காகப் பேசணும்னு இல்ல."

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை.

சரவெடி சுவரில் சாய்ந்தான். முகத்தில் எங்கெங்கோ இழுத்துக் கட்டியிருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. தலைக்கு மேல் சின்ன மின்விசிறி முனகிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

மாடிப்படியில் தடதடவென்று காலடிகள். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ள யாரு? சரவெடியா? டேய், லிஃப்ட் சரியாகுற வரைக்கும் அங்கிருந்தே ஒண்ணு எடுத்து விடுடா. இங்க பத்துப் பேர் நிக்கிறோம்."

வெட்டக் கொண்டுபோகும் ஆடு போல அவன் நிமிர்ந்து நின்றான். மூச்சை இழுத்தான்.

"அவர் இல்ல. உள்ள நான் மட்டும்தான் இருக்கேன்."

சந்தை இரைச்சலிலும் தனித்துக் கேட்கும் கணீரென்ற குரல். பேசியது மௌனம்தான் என்பது அவனுக்கு உறைக்கவே சற்று நேரமானது.

வெளியே சலசலப்பு அடங்கியது. "அப்படியா... மெக்கானிக் வந்துட்டிருக்கார், பயப்படாதீங்க" என்றது ஒரு குரல். காலடிகள் மேலே ஏறிப்போயின. மௌனத்துக்குத் துணையாக நிற்க யாருக்கும் தோன்றவில்லை.

"இவ்வளவு குரலை எங்க வச்சிருந்தீங்க?" என்றான் அவன், கிசுகிசுப்பாக.

"வீட்டுல. அங்க என் வாயை அடக்க அம்மா மாப்பிள்ளை தேடிட்டிருக்காங்க." அவள் சிரித்தாள். "இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. அமைதியான பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. தொண்டை சரியானதும் பேசிப் பாத்தேன். உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. விட்டுட்டேன்."

சரவெடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். யாரையும் சிரிக்க வைக்கத் தேவையில்லாத சிரிப்பு.

பிறகுதான் பயம் வந்தது.

"கதவு திறந்தா நானும்தானே வெளிய வரணும். என்னன்னு சொல்றது?"

மௌனம் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள்.

"அதை நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."