கரடி பொம்மைப் பை

“எனக்கும் ஒரு பை கொடுங்க அக்கா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எங்கள் வீட்டில் வளர இந்தக் குழந்தைகள் நல அலுவலகம் அனுப்பிய பதினோரு பிள்ளைகளும் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். அதில் துண்டு, பிரஷ், கரடி பொம்மை இருக்கும்.

அலுவலக ஸ்டோரைக் கவனிக்கும் அக்கா சிரித்தார். “அது வளர்ப்புப் பிள்ளைக்கு. நீ பெத்த பிள்ளை. உனக்கென்ன குறைச்சல்?”

“என் கட்டில், என் அலமாரி, எங்கம்மா மடி எல்லாத்துலயும் பங்கு போச்சு. நீ எப்படிம்மா இருக்கேன்னு இங்க ஒருத்தராவது கேட்டீங்களா?”

“வீட்டுக்கே முதல் பட்டதாரி, பொம்மைக்குச் சண்டை போடுறே. இவ்வளவு வயித்தெரிச்சலை வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் எதுக்கு வர்றே?”

மாடியில் சற்றுமுன் கையெழுத்தான ஆணையை மேசையில் வைத்தேன். நாளை முதல் ஒரு நாலு வயதுப் பிள்ளையை நானும் என் கணவரும் வளர்க்கலாம்.

அக்கா அதைப் படித்துவிட்டு ஒரு பையை எடுத்து நீட்டினார்.

“இது வர்ற பிள்ளைக்கு. எனக்குத்தான் கிடைக்கல, நான் பெத்த மகளுக்காவது?”

“பெத்த பிள்ளைக்குக் கொடுக்க ரூல்ஸ்ல…”

அக்கா இழுத்து முடிப்பதற்குள், தோளுக்கு ஒன்றாக இரண்டு கரடிப் பைகளோடு நான் வாசலைத் தாண்டியிருந்தேன்.