பிஸ்டன் ராடு

அஸ்தியை ஆற்றில் கரைக்கும் முன் ரங்கராஜ் கலயத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். மனைவிக்குத் தொடை முறிந்தபோது டாக்டர் உள்ளே வைத்த எஃகுக் கம்பி அது. சிதையில் கருத்திருந்ததே தவிர வளைந்திருக்கவில்லை. கார் ஷெட்டில் இருந்த தன் லேத்தில் அதை மாட்டி, தீக்குச்சி தடிமனுக்குக் கடைந்து, தான் செய்துகொண்டிருந்த, உள்ளங்கையில் அடங்கும் நீராவி இன்ஜினுக்குப் பிஸ்டன் ராடாகப் பொருத்தினார். கொதிகலனுக்கு அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். சற்று நேரத்தில் சக்கரம் சுற்றத் தொடங்கியது. புஸ், புஸ் என்று சீரான மூச்சு.

காப்பி கொண்டுவந்த மகள் சுகந்தி குனிந்து பார்த்தாள். "அழகா ஓடுதுங்கப்பா. ராடு எதுல செஞ்சீங்க?"

"உங்கம்மா கால்ல இருந்த கம்பி."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "மொதல்ல நிறுத்துங்க."

"வெளக்க ஊதீரு, நின்னுக்கும்" என்றார் அவர், சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "என்னால ஆகாது அம்மணி. ஆஸ்பத்திரியிலயும் அவளோட மூச்சு மிஷின நிறுத்தறதுக்குத் தலையாட்டுனது நீதான?"

சுகந்தி சுடருக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். உதடு குவிந்தது. மூச்சுதான் வரவில்லை.